அளவு ரவிக்கை

1937 பிப்ரவரி 9

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கிடாய்.

நான் அய்யா வீட்டுக்குத் திரும்பி இன்றோடு பதினெட்டு நாள். ஊர்ப்பொதுவில் என்னைக் கட்டின ஆள் துரும்பைக் கிள்ளிப் போட்டார், அதோடு கல்யாணம் முறிந்தது, என்னைத் தீர்த்துவிட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தீர்த்துவிட்டது என்று. நான் என்ன தாகமா?

பிப்ரவரி 11

எங்கள் ஆட்களில் இது சகஜம், பிள்ளை மேல் குற்றமில்லை, நாளைக்கே வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கலாம் என்று அய்யா எல்லோரிடமும் சொல்கிறார். யாரும் கேட்காமலேயே சொல்கிறார்.

பிப்ரவரி 12

பொதுவில் முதலில் சொன்ன குற்றம்: மாமியார் வெற்றிலையில் சுண்ணாம்புக்குப் பதிலாக அரிசி மாவைத் தடவினேன். உண்மை. இரண்டாவது: பெரியவர்கள் பேசும்போது சிரித்தேன். அதுவும் உண்மை. அந்த ஆள் என் மணிக்கட்டை முறித்ததை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. துரும்பு எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20

வாழாவெட்டி என்று ஒரு பேர் வந்திருக்கிறது. வெட்டி என்று பேர்தான், பார்ப்பது இரண்டாள் வேலை.

மார்ச் 2

தங்கச்சி செல்லக்கிளிக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. பேர் சின்னக்கருப்பன். இரண்டு மைல் தள்ளி ஊர். கல்யாணம் வைகாசியில்.

கிளி என்னைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். சிரிக்கலாமா என்று கேட்கிற மாதிரி.

மார்ச் 5

கிணற்றடியில் நான் போனால் பேச்சு நின்றுபோகிறது என்று ஆத்தாவிடம் சொன்னேன். "எல்லாம் ஒன் நெனப்புத்தேன்" என்றாள்.

நினைப்பா, நிஜமா? எட்டாம் வகுப்பு வரை மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். பார்த்துவிடலாம்.

மார்ச் 6

வழி கிடைத்துவிட்டது. என் கல்யாணத்துக்கு முந்தின சித்திரையில் எங்கள் தெருவில் பத்தொன்பது வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். அப்போது எல்லோரும் நேரே வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒச்சாயி பெரியம்மா கூச்சம் தாங்காமல் அம்மிக்கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது பேரையும் தொட்டு அளந்தேன். இப்போது அதே பத்தொன்பது வீட்டுக்கும் போய், கிளி கல்யாணத்துக்குச் சும்மா தைத்துத் தருகிறேன், அளவு கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். யார் என்னைத் தொட்டு அளக்க விடுகிறார்கள், யார் பழைய ரவிக்கையை அளவுக்கு அனுப்புகிறார்கள்?

கிளியிடம் மட்டும் சொன்னேன். "வேண்டாம்க்கா" என்றாள்.

மார்ச் 14

முடிந்தது. பத்தொன்பதில் ஐந்து பேர் தொட விட்டார்கள். ஒன்பது பேர் அளவு ரவிக்கை அனுப்பினார்கள். மிச்சப்பேர், போன வருசத்து ரவிக்கையே புதுசாக இருக்கிறதாம்.

முத்துத்தாய் சித்தி அனுப்பியது முதல் பிள்ளை பெறுவதற்கு முன்னால் போட்டது. இப்போது அவர் முழங்கையைத் தாண்டாது. அதே அளவுக்கு அச்சாகத் தைத்து வைத்திருக்கிறேன்.

ஒச்சாயி பெரியம்மா தொட விட்டார். ஆனால் நாடா மேலே பட்டதும் மூச்சை இழுத்துக்கொண்டார். போன தடவைக்கு இந்தத் தடவை ஒன்றரை இஞ்சி குறைகிறது. பெரியம்மா இளைக்கவில்லை. அந்த ஒன்றரை இஞ்சியை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 15

அய்யாவிடம் சொன்னேன். "பத்தொம்பதுல அஞ்சுய்யா."

ரொம்ப நேரம் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கூட்டுறது கழிக்கிறதெல்லாம் பள்ளிக்கூடத்தோட இருக்கட்டும்த்தா" என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 29

தைத்தேன். காலையில் மணிக்கட்டு வலிக்கிறது.

ஏப்ரல் 18

மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வந்தார்கள். என்னை அடுப்படியில் இருக்கச் சொன்னாள் ஆத்தா. கதவுச் சந்தில் எல்லாம் கேட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா மொக்கைச்சாமி நல்ல மாதிரிதான் கேட்டார். "மூத்த புள்ள அன்னைக்கு எங்கிட்டு இருக்கும்?"

அய்யா இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். "தோட்டத்துல மாடு பாக்க ஆளு வேணும்ல."

"அதுவுஞ் சரித்தேன். எங்க இருளாயியவும் அங்கிட்டே அனுப்பிச்சுருறோம். ரெண்டும் பேசிக்கிட்டுக் கெடக்கும்."

இருளாயி மாப்பிள்ளையின் கூடப்பிறந்த அக்காள். இரண்டு வருசம் முன்னால் அவளுக்கும் துரும்பு கிள்ளியாயிற்றாம். எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவது மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையோடு பிறந்தவள். இருளாயிக்குப் பதிலாகப் பெரியப்பா மகள் கட்டட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

அய்யா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சரி என்றுதான்.

ஏப்ரல் 19

கிளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ இருக்கணும்க்கா. நீ பாத்துக்கிட்டு இருக்கணும். இல்லாட்டி எனக்குக் கல்யாணம் மாதிரியே இருக்காது."

"மாட்டுக்கும் ஒரு தொணை வேணும்ல. அதுக்குப் பாக்கு வச்சு அழைக்கவா போறாங்க?" என்றேன்.

நான் சொன்னதற்குக் கிளி சிரிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

மே 3

ஒன்றுமில்லை.

மே 16

பதினான்கு ரவிக்கையும் கொடுத்து முடித்தேன். முத்துத்தாய் சித்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். "நீங்க குடுத்த அளவுதான் சித்தி" என்றேன். சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

மே 27

கல்யாணம்.

விடிந்ததும் தோட்டத்துக் குடிசைக்கு வந்துவிட்டேன். இருளாயி மதினி எனக்கு முன்னாலேயே வந்து சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நல்ல சேலையைக் கட்டிவிட்டு அதன்மேல் பழைய சேலையைச் சுற்றியிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. என் இடுப்பிலும் புதுச்சேலைதான்.

"தம்பி பொறந்தப்ப நாந்தேன் தூக்கி வளத்தேன்" என்றார். மறுபடி சாணிக்குக் குனிந்தார். கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

கொஞ்ச நேரத்தில் விருமாண்டிச் சித்தப்பா வரப்பு மேல் ஓடி வந்தார். "ஏத்தா இருளாயி, ஒடனே வா. ஒன்னயக் கூப்பிடுறாக."

நடந்ததைச் சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். பெரியப்பா மகள் தாலியை எடுத்ததும் கிளி இரண்டு கையாலும் கழுத்தை மூடிக்கொண்டாளாம். "கூடப்பிறந்தவுக இருக்காக. அவுகதேன் கட்டணும், அதுதேன வழக்கம்" என்றாளாம். அய்யா அதட்டியிருக்கிறார். கையை எடுக்கவில்லை. பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம். வழக்கத்தைச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களே அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மதினி தொட்டித் தண்ணீரில் கை கழுவினார். மேல்சேலையை உருவிப் போட்டார். அப்புறம் என்னைக் காட்டி, "பாண்டியம்மா?" என்று கேட்டார்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "பொண்ணு கூடப்பிறந்தவளுக்கு அங்க என்னத்தா சோலி?"

மோசமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார். மாப்பிள்ளையின் அக்காளுக்கு மூன்று முடிச்சு இருக்கிறது. பெண்ணின் அக்காளுக்கு, நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"போங்க மதினி, நேரமாச்சு" என்றேன்.

குலவைச் சத்தம் கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மறுபடி காட்டினேன். அது குடிக்கவில்லை. அதுக்கென்ன, ஒருதரந்தான தாகம் எடுக்கும். நான் என்னத்துக்கு அழணும்? அழல. அழுகை வரல.

மே 28

நேற்று மிச்சத்தை எழுதவில்லை.

வெயில் தாழப் பெண்ணை மாப்பிள்ளை ஊருக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று வண்டி. எங்கள் தோட்டத்தை ஒட்டித்தான் பாதை. பெண் ஏறின வண்டி மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும், நடுவில் நிற்கக்கூடாது. அதனால் நான் குடிசைக்குள்ளேயே இருந்தேன்.

முதல் வண்டி நின்றது. வாசலுக்கு வந்தேன்.

கிளி இறங்கினாள். பின்னால் ஒச்சாயி பெரியம்மா "ஏய், எறங்காதடி, எங்க போற?" என்பதும், இருளாயி மதினி "போய்ட்டு வரட்டும் விடுங்க" என்பதும் கேட்டது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். மாப்பிள்ளை வண்டியில் உட்கார்ந்தபடி வேறு பக்கம் பார்த்தார். மூன்று வண்டியும் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் வந்து நின்று முகத்தைத் தூக்கினாள்.

"மூக்குத்தித் திருகு கழண்டுக்கிச்சுக்கா. மாட்டிவிடு. மத்தவுகளுக்கு மாட்டத் தெரியல."

இடது கையால் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். திருகு கழலவே இல்லை. நன்றாக இறுகியிருந்தது.

கழற்றினேன். மறுபடி மாட்டினேன். கிளி அசையவில்லை. வண்டி மாடுகள் கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தன. யாரும் கூப்பிடவில்லை.

அவசரப்படாமல் ஒவ்வொரு சுற்றாகத் திருகினேன்.