நீங்களும் அண்ணனும் ஏறிய ஷெட்

எங்கள் கம்பெனிக்கு எதிரே புது ஷெட் எழும்புகிறது. இன்று காலை இரும்புத் தூண்களுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தார்கள். செக்கிங் மேசை வரைக்கும் வந்தது அந்த வாசம். எத்தனை முறை துவைத்தும் உங்கள் சட்டையை விட்டுப் போகாத வாசம். கையிலிருந்த பனியனை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் நீங்கள் பார்த்த வீடியோ ஞாபகம் வந்தது. மோஹாக் என்ற பழங்குடி ஆண்கள். நியூயார்க்கின் உயரமான கட்டிடங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இரும்புச் சட்டம் பூட்டியவர்கள். "நம்ம ஊருக்காரங்க மாதிரிதான். ஒருத்தன் போனா பின்னாலயே தம்பி, மச்சான் எல்லாரும் போயிருக்காங்க" என்றீர்கள். நம் கல்யாணத்துக்குப் பிறகு சாத்தூர்ப் பக்கத்திலிருந்து உங்களைத் திருப்பூருக்கு, இந்த வேலைக்கு, கூட்டி வந்தது என் அண்ணன்தான்.

கனடாவில் ஓர் ஆற்றுப் பாலம் கட்டும்போதே சரிந்து, அவர்களில் ஒரே ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கு மேல் ஒரே நாளில் செத்துப்போனார்களாம். அதன்பிறகு அந்த ஊர்ப் பெண்கள், இனி எல்லோரும் ஒரே வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அப்ப நீங்களும் எங்கண்ணனும் ஒரே சைட்ல ஏறாதீங்க" என்றேன். சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.

"சரி" என்றீர்கள். "அவங்களுக்குப் பயமே கிடையாதுன்னு இதுல சொல்றான். பொய். எனக்கு இன்னைக்கும் ஏறுன உடனே கால் நடுங்குது. வெளிய சொன்னா எவன் வேலை குடுப்பான்?"

நாலு மாதம் சொன்னபடி இருந்தீர்கள். நீங்கள் நெருப்பெரிச்சல் சைட்டில், அண்ணன் உடுமலைப்பேட்டை சைட்டில். ஆடிக் காற்று வீசியபோது குண்டடம் பக்கத்து ஷெட்டுக்கு ஆள் கிடைக்காமல் கான்ட்ராக்டர் வீட்டுக்கே வந்தார். "ஒரே ஒரு நாளுங்க. இந்தக் காத்துல ஏற உங்க ரெண்டு பேர உட்டா ஆளில்லீங்க. உங்களுக்கெல்லாம் பயம்னா என்னன்னே தெரியாதுங்களே."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஒரு நாள்தானே, போயிட்டு வாங்க" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் என்னையும், அதே மேசையில் வேலை பார்க்கும் அண்ணன் மனைவியையும் வெளியே கூப்பிட்டார். வேனில் ஏறியதும் "யாருக்குண்ணே?" என்று மதினி கேட்டார். சூப்பர்வைசர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். குண்டடம் சைட்டில், போல்ட் முழுசாக இறுக்காத சட்டம் காற்றில் சாய்ந்து கிடந்தது. உங்கள் இரண்டு பேரையும் ஒரே தார்ப்பாயால் மூடியிருந்தார்கள்.

மதினி இன்னும் என் பக்கத்தில்தான் நின்று பீஸ் பார்க்கிறார். இன்று மதியம் திடீரென்று கேட்டார்: "அன்னைக்கு வேன்ல வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிட்டு வந்தியே, யாருக்காக வேண்டிக்கிட்ட?"

"ரெண்டு பேருக்கும்தான் மதினி."

"நான் உங்கண்ணனுக்கு மட்டும்தான் வேண்டுனேன்" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு அடுத்த பீஸை எடுத்தார்.

நான் சொல்லிக்கொண்டு போனது உங்கள் பெயரை மட்டும்தான். அண்ணன் போனாலும் போகட்டும், நீங்கள் இருந்தால் போதும் என்று. அதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். நானும் அடுத்த பீஸை எடுத்தேன். நாளைக்கும் எட்டரை மணிக்கு அவர் பக்கத்தில்தான் போய் நிற்க வேண்டும்.