கியோட்டோவில் உன் பேருக்கு ஒரு சீட்டு

மச்சான்,

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். கியோட்டோ கோயில்களில் கொளுத்தும் ஊதுவத்தி வாசனை இன்னும் போகவில்லை. நம் ஊர் பத்தி மாதிரி மூக்கில் ஏறாது, புது மரப்பெட்டியைத் திறந்தாற்போல இருக்கும். அது என்ன மரம் என்று கேட்டாயா என்பாய் நீ. கேட்டேன். சொன்னவர் பேச்சுதான் எனக்குப் புரியவில்லை.

நீ கண்மூடிய பிறகு உன் மகள் தனம் ஜப்பானுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே சமையல் செய்யும் கென்ஜி என்பவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகப் போனில் சொன்னாள். அவள் அம்மா, அதான் என் தங்கச்சி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு என்னிடம் வந்து, "தாய்மாமன் நீ போய்ப் பாரு அண்ணே. அவரு இருந்தா இன்னா சொல்லுவாரோ அதைச் சொல்லு. நீ வேணாம்னா வேணாம்தான்" என்றாள். பொன்னேரியில் ரயில் ஏறுவதற்கே சலித்துக்கொள்கிற நான் விமானம் ஏறினேன். நீ சொல்ல வேண்டிய வார்த்தையை நான் சொல்ல வேண்டுமே என்ற பயம் வழி முழுக்க இருந்தது.

போன மறுநாளிலிருந்து இரண்டு பேரும் என்னைக் கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். மாமன் மனசைக் குளிர வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிவப்பு வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலை மேலே ஏறிப் போகின்றன. காவலுக்குக் கல்லில் செய்த நரி உட்கார்ந்திருக்கிறது, வாயில் சாவியைக் கவ்விக்கொண்டு. எந்தப் பூட்டுக்குச் சாவி என்று நீ கேட்டிருப்பாய்.

உள்ளே போகும்முன் தொட்டித் தண்ணீரில் கை கழுவி வாய் கொப்பளிக்க வேண்டும். நான் ஒரு வாய் விழுங்கிவிட்டேன். "ஐயோ மாமா, துப்பணும்!" என்று தனம் சிரித்தாள். என்ன செய்வது, தண்ணீரைக் கையில் அள்ளினால் உப்பு பார்க்கத்தான் நாக்கு போகிறது. கடல் உள்ளே வரும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா தூர்ந்துவிட்டதா என்று நம் ஊர் ஏரித் தண்ணீரை நாக்கில் வைத்தே சொல்லுவாயே, உன்னோடு இருந்து வந்த பழக்கம்.

சன்னிதியில் கதவு சாத்தியிருந்தது. எல்லோரும் சாத்திய கதவைப் பார்த்துக் கைதட்டிக் கும்பிடுகிறார்கள். திருப்பாலைவனம் கோயிலில் திரை போட்டிருந்தபோது, "உள்ள சாமி இன்னா பண்ணுது சாமி?" என்று குருக்களையே மடக்கினாயே, ஞாபகம் வந்தது. இங்கே திரை விலகும் என்று காத்திருந்தேன். விலகவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கென்ஜியைக் கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னதைத் தனம் சொன்னாள்: "அவருக்கும் தெரியாதாம் மாமா. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கினே இருக்காராம். யாரும் சொல்லலையாம்." அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது. ஒரு மரப்பெட்டியைக் குலுக்கினால் எண் போட்ட குச்சி விழும், அந்த எண்ணுக்கு ஒரு சீட்டு தருவார்கள். அதில் பலன் எழுதியிருக்கும். கென்ஜிக்குக் கெட்ட பலன் வந்தது. அவர் அதை நீளமாக மடித்து, அங்கிருந்த கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார். கயிறு முழுக்க அப்படி விட்டுப்போன சீட்டுகள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்தால், பாடு என்று வந்த இடத்தை நம்மில் எவனாவது திருப்பிக் கொடுத்ததுண்டா? ஒரு வருஷம் நமக்கு மீன் வராத மூலைச் சேறு வந்தது. எல்லோரும் நம்மைப் பாவமாகப் பார்த்தார்கள். நீதான், "பாடு வந்தா வந்ததுதான். வலையை எடு மச்சான்" என்று முன்னால் நடந்தாய்.

அதைத் தனத்திடம் சொல்லிவிட்டு, "கஷ்டம் வந்தா இவரு இப்படித்தான் கட்டி வெச்சிட்டுப் போயிடுவாரா?" என்று கேட்டேன். தனத்தின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் ஒன்று விடாமல் அவருக்குச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கென்ஜி முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அந்தச் சேத்துல இன்னா கெடைச்சுதுன்னு கேக்கறாரு மாமா." கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நண்டு என்றேன். கை அகல நண்டு. கொடுக்கை எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டார். வழியிலேயே நின்று விரலால் கட்டிக் காட்டினேன். பிறகு அவர் கயிற்றைக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார். தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கெட்ட சீட்டை வூட்டுக்கு எடுத்துக்கினு போனா எனக்கும் அதுல பங்கு வந்துடுமாம். அதான் சாமிகிட்டயே வுட்டுட்டு வராராம்."

அதைக் கேட்டதும் நீதான் ஞாபகத்துக்கு வந்தாய், மச்சான். மூலைச் சேறு வந்த அன்று வீட்டு வாசலில் என் கையைப் பிடித்து, "உன் தங்கச்சிகிட்ட சொல்லாத, அவளுக்கு எதுக்கு?" என்றாய். உள்ளே போய், "நல்ல பாடு வந்துருக்கு" என்றாய். வலை எடுக்கிற நாளெல்லாம் அவளிடம் அதையேதான் சொன்னாய்.

"சரிம்மா. உங்கப்பனும் சரின்னுதான் சொல்லுவான்" என்றேன். தனம் அத்தனை பேர் நடுவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். கென்ஜி என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குக் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தார்.

கிளம்பும்முன் திரும்பிப் போய் உன் பேருக்கு ஒரு குலுக்குக் குலுக்கினேன். ஆள் போனாலும் சீட்டில் பேர் போகாது, அது நம் ஊர் வழக்கம். படித்துச் சொல்ல தனம் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கயிற்றிலும் கட்டவில்லை. நீயாக இருந்தால் படித்துத் தெரிந்துகொள்ளாமல் தூங்கியிருக்க மாட்டாய்.

இப்போது என் கையில் இருப்பது அந்தத் தாள்தான். தங்கச்சி பார்த்துவிட்டாள். "இன்னா சீட்டுண்ணே அது?" என்றாள்.

"மச்சானுக்கு வந்தது. நல்ல பாடு" என்றேன்.