எந்தப் பக்கத்து இலை?

பிப்ரவரி 4

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நீ நல்லா இருப்ப. நான் நல்லா இல்லை. போன்ல ஆரம்பிச்சா சண்டையில முடியுது, அதான் மெயில்ல எழுதறேன்.

போன வருஷம் உன் பேச்சைக் கேட்டு, திராட்சைக் குலையைச் சுத்தி இருந்த இலையெல்லாம் கிள்ளி எறிஞ்சேன். வெயில் பட்டாத்தான் பழுக்கும்னு நீ ஒயின் வேலைக்குப் போன குளிர் ஊர்ல சொன்னாங்களாம். பழுத்துச்சா? கொடியிலேயே வத்தலாச்சு. அங்க வெயில் விருந்தாளி. இங்க வீட்டோட மாப்பிள்ளை, கிளம்பவே மாட்டேங்குது. இந்த வருஷம் ஒரு இலையைக்கூடத் தொடலை.

அடுத்த மாசம் பறிக்கணும். ஒயின் போடுற ஆளு நீதான். வருவியா மாட்டியா, ஒரு வரி எழுது.

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

போன வருஷக் கதைக்கு என்னை இன்னும் எத்தனை தடவை வறுத்தெடுப்ப? இலையை அப்படியே விட்டா காத்து நுழையாது. காலையில பனி கொட்டுதுன்னு மாமா சொன்னார். ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும், பாத்துக்கோ.

இங்க நாலு தலைமுறையா திராட்சை போடறாங்க. சந்தேகம்னா பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்டாப் போதும். நம்ம ஊருக்குத் திராட்சை வந்தே பதினோரு வருஷம். யாரைக் கேட்கிறது? அலுத்துப்போச்சுக்கா. இங்க வேலையை நிரந்தரமாக்கறேங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.

தம்பி

பிப்ரவரி 16

தம்பி,

சந்தோஷமா? பருவம் தப்பின மழை, மூணு நாளா தூறல். கிணத்தடி வரிசை முழுக்கப் பூஞ்சை. உன் வாய்முகூர்த்தம் அப்படி. உன் மாமா அழுகின குலையை வெட்டிப் போட்டுக்கிட்டிருக்கார். அவர் திட்டித் தொலைச்சாலாவது தேவலை.

இலையை எடுத்தா கருகுது, விட்டா அழுகுது. நான் என்னதான் செய்யறது? நீ அங்கேயே இரு. மிச்சப் பழத்தை ஜூஸ் கம்பெனிக்கு ஏத்திவிட்டுட்டு, ஒயின் தொட்டிகளையும் வித்துடறேன்.

அக்கா

வெளிய போறப்ப ஸ்வெட்டர் போடறியா?

பிப்ரவரி 18

அக்கா,

லாரிக்குச் சொல்லாதே. கோபப்படாமப் படி.

இலையைக் கிள்ளணுமா வேண்டாமான்னு ரெண்டு வருஷமா அடிச்சுக்கிறோமே, எந்தப் பக்கத்து இலைன்னு யாராவது யோசிச்சோமா? நம்ம வரிசையெல்லாம் தெக்கு வடக்கா ஓடுது. கிழக்குப் பக்கத்து இலையை மட்டும் எடு. காலை வெயில் பனியைக் காய வைக்கும். மேற்கைத் தொடாதே, மத்தியான வெயிலுக்கு அதுதான் குடை. இதை இங்க யாரும் சொல்லித் தரலை. இங்க யாருக்கும் இது தேவைப்படலை.

ஸ்வெட்டர் போடறேன்.

தம்பி

பிப்ரவரி 27

தம்பி,

மேட்டு வரிசையில நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். ஒரு வாரமாச்சு. புதுசா பூஞ்சை இல்லை, கருகலும் இல்லை. இதை முன்னாடியே சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு?

நேத்து பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரமா நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, எந்தப் பக்கத்து இலையைக் கிள்ளணும்னு கேட்டார். நம்ம ஊர்லயும் கேட்கிற ஆள் வந்தாச்சு. எனக்குச் சொல்லத் தெரியாமலா? ஆனா, "என் தம்பி வந்து சொல்வான்"னு சொல்லி அனுப்பிட்டேன்.

அவர் திங்கட்கிழமை திரும்ப வருவார். என் மானத்தை வாங்காதே.

அக்கா