முட்டை எறிந்த சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

நேற்று சாயங்காலம் சித்தி பீரோவிலிருந்து உன் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். அந்தக் கறுப்பு உறையைத் திறந்ததும் குப்பென்று சூட மிட்டாய் வாசனை. உள்பையில் ஒன்று பாதி உருகி, உன் லைசென்ஸ் நகலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தரமணியில் ஆபீஸ் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, சாயங்கால டிரிப் வரைக்கும் நீ கன்னத்தில் அடக்கிக்கொண்டிருப்பாயே, அதே மிட்டாய்.

மடல் என்பதால் 'தாங்கள்' போடலாமா என்று யோசித்தேன். போட்டால் நீ பின்னால் திரும்பிப் பார்த்து, "யாருக்கும்மா இந்த மரியாதை? என் பின்னாடி யாருனா நிக்கிறாங்களா?" என்று கேட்பாய். அதனால் நீ நீதான்.

"சார்ஜ் ஏறுதா பாரு. நாள்பூரா அந்த வண்டியில குந்திக்கினு இன்னாதான் பண்ணாருன்னு நானும் பாக்குறேன்," என்றாள் சித்தி. குரலில் ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை.

நீ போனதிலிருந்து சித்தி சிரித்து நான் பார்க்கவில்லை, சித்தப்பா. நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. அவள் செருப்பில் ஐஸ் கட்டி வைத்தேன். சர்க்கரை டப்பாவில் ரவை கொட்டி வைத்தேன். ரவை போட்ட காபியை மடமடவென்று குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், மாடிக்குப் போய்விட்டாள். "உன் வாலை ஒட்ட நறுக்குறேன் இரு" என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அப்போதுதான் பயமே வந்தது.

போனில் சார்ஜ் ஏறியது. நம் உலகம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

உனக்குப் போனில் கட்டை அடுக்கி ஓர் உலகமே கட்டும் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். பகலெல்லாம் நீ பஸ்ஸில் தனியாக விளையாடுவாய். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், அம்மாவின் டேப்லெட் வழியாக நான் உன் உலகத்துக்குள் வருவேன். ஒருநாள் நீ கேட்டாய்: "வாலு, இதுல டார்கெட்டுனு எதுனா கீதா?"

"எதுக்கு?"

"என் பஸ்ல ஏர்றவன் அத்தினி பேரும் டார்கெட் டார்கெட்டுனு பொலம்பிக்கினு வர்றான். நான் மட்டும் டார்கெட் இல்லாம கீறேன். ஒரு மாதிரியா இல்ல?"

இருந்தது. அந்த விளையாட்டிலும் அம்பு விட ஒரு டார்கெட் உண்டு: ஒரு வைக்கோல் கட்டு, அதன் நாலு பக்கமும் சிவப்புத் தூள், அவ்வளவுதான். டார்கெட் கட்டை தயார். "மாட்டுக்குப் போட வேண்டியதுல அம்பு உடுறியேம்மா" என்று வருத்தப்பட்டாய். அந்தச் சிவப்புத் தூள்தான் அங்கே மின்சாரக் கம்பி என்பதை உனக்கு விளக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அம்பு நடுப்புள்ளியில் பட்டால் சிக்னல் பலமாகக் கிளம்பி வெகுதூரம் ஓடும். நடுவை விட்டு விலக விலக பலம் குறையும். ஓரத்தில் பட்டால் பக்கத்துக் கட்டைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். அதை வைத்து விளக்கு எரிய வைக்கலாம், கதவு திறக்கலாம், மணி அடிக்கலாம்.

நீ அடித்ததெல்லாம் ஓரத்தில்தான். ஓரத்தில் படாதவை மாட்டின் மீது. உனக்கு இலக்கும் கிடையாது, இலக்கணமும் கிடையாது என்று நான் கேலி செய்வேன். "என் பஸ்ல வர்றவனும் ரீச் ஆவல, நானும் ரீச் ஆவல. சரியாப் போச்சு," என்பாய்.

அப்புறம் முட்டை எறிந்தாலும் டார்கெட் வேலை செய்யும் என்று எவனோ உனக்குச் சொல்லித் தொலைத்தான். அம்பு செய்யக் கல், குச்சி, இறகு எல்லாம் தேட வேண்டும்; முட்டை கோழி போட்டுக்கொண்டே இருக்கிறது என்பது உன் பொருளாதாரம். எறிந்த முட்டைகளில் சில உடைந்து குஞ்சு பொரிக்கும் என்பதை நீ யோசிக்கவில்லை. பயிற்சி தொடங்கிய வாரத்திலேயே நம் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கே திரும்பினாலும் கீச் கீச். பட்டினப்பாக்கத்தில் மீன் வந்து இறங்கும்போதுகூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

அவ்வளவு கோழியையும் என்ன செய்வது? அதனால்தான் குழி. நீ நின்று எறியும் இடத்துக்குக் கீழே ஆழமாக வெட்டி, அடியில் தண்ணீர் விட்டு, கோழிகளை இறக்கி, மேலே ரகசியக் கதவு போட்டேன். நடுவில் பட்டால் விளக்கு எரியும். ஓரத்தில் பட்டால் உன் காலடி திறக்கும்.

"ஐயோ, மாட்டிக்கினேன்! வாலு, உன் மேல கேஸ் போடுறேன் பாரு!"

நீ சிரித்தால் கட்டில் ஆடும். அடுப்படியிலிருந்து சித்தி, "ரெண்டுல எது கொழந்த, எது பெருசுன்னே தெரியல," என்று கரண்டியோடு வந்து நிற்பாள். குழியிலிருந்து மேலே வர வழி வைக்கவில்லை நான். நீ மண்ணைக் குடைந்து குடைந்து, மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறவர்களுக்குப் போட்டியாக, எங்கோ ஒரு மலைக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டுவாய். மறுநாள் அதே இடத்தில் நின்று அதே ஓரத்தில் எறிவாய். மறுபடி 'மாட்டிக்கினேன்.'

ஒருமுறை அந்த உலகத்தில் உன் வீட்டுச் சுவரை உடைத்து உள்ளே போய், கட்டிலை எடுத்துவிட்டு அங்கே ஒரு பன்றியை விட்டேன். அன்றைக்குத்தான் நீ சட்டம் போட்டாய். "வாசல்ல வர்றவன் விருந்தாளி. சுவத்தை இடிச்சிக்கினு வர்றவன் புல்டோசர். நம்ம ஊர்ல புல்டோசருக்கு எண்ட்ரி இல்ல."

அப்புறம் பங்குனி வெயிலில் ஒரு மதியம், நிறுத்திய பஸ்ஸிலேயே உனக்கு நெஞ்சு வலித்தது.

நேற்று நானும் சித்தியும் உன் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் நீ மலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். எதிரே நான் பார்த்தே இராத ஒரு நீளமான கட்டடம். ஜன்னல் தெரியவில்லை. ஒரே ஒரு இரும்புக் கதவு. கதவுக்கு மேலே ஒரு டார்கெட்.

"உள்ள இன்னாடி கீது?" சித்தி கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். பல மாதத்துக்கு அப்புறம் அவள் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறாள். திறந்தே ஆக வேண்டும்.

வில்லை எடுத்தேன். நடுப்புள்ளி. டிங்! மணி அடித்தது. கதவு அசையவில்லை. மறுபடி நடுப்புள்ளி. டிங்! தூரம் போய் அடித்தேன், குதித்துக்கொண்டே அடித்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. டிங், டிங், டிங்.

"இன்னாடி, தீபாராதன மாதிரி மணி அடிச்சிக்கினே கீற, நட தொறக்க மாட்டேங்குது?"

"இரு சித்தி, சர்க்யூட்ல ஏதோ கோளாறு."

"கையில கடப்பாற கீதே, சுவத்தை இடிச்சிட்டுப் போயேன்."

"கூடாது. சித்தப்பா சட்டம்." உன் புல்டோசர் வசனத்தைச் சொன்னேன். சித்தி கையை நீட்டினாள். "குடு இப்டி. தி.நகர் கடைங்களுக்கு எத்தினி பொடவைக்கு ஃபால்ஸ் தெச்சிக் குடுத்துக்கீறேன். கரண்டு போனாலும் ஊசியில நூல் கோக்குறவ நான். இது இன்னா பெரிய வித்த?"

தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல் போனைப் பிடித்தாள். முதல் அம்பு வானத்துக்குப் போனது. இரண்டாவது, ஒரு மாடு 'ம்மா' என்றது. மூன்றாவது டார்கெட்டின் கீழ் ஓரத்தில், விழவா வேண்டாமா என்று தொற்றிக்கொண்டு நின்றது.

மணி அடிக்கவில்லை. கதவு திறந்தது.

அடப்பாவி சித்தப்பா! நடுவில் அடிக்கிறவர்களுக்கு வெறும் மணி. ஓரத்தில் அடிக்கிறவர்களுக்குத்தான் கதவு. எந்த வாசலில் நிற்கிறோம் என்று யோசிக்காமல், என் குறியை நானே மெச்சிக்கொண்டு மணி ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனை வாங்கி உள்ளே நடந்தேன். பஸ். உன் ஆபீஸ் பஸ். இரண்டு பக்கமும் நீலக் கம்பளிக் கட்டைகளில் வரிசையாக சீட்டு, நடுவே நடைபாதை, கூரையில் விளக்கு. முன்னால் டிரைவர் சீட்டு மட்டும் ரோஸ் நிறம்.

சித்தி திரையைத் தொட்டாள். "அது நான் தெச்ச சீட்டு ஒறடி. ஃபால்ஸ் துணி மிஞ்சினதுல. ஆபீஸ்காரங்க சிரிக்கிறாங்க, கயட்டிப் போட்டேன்னு சொன்னாரு." போனைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்தாள். "கயட்டலியா அந்த ஆளு?"

அப்புறம் என் தோளை இடித்தாள். "போ, போயி அதுல குந்து."

ரோஸ் சீட்டில் காலை வைத்தேன். தரை விலகியது. தொபீர். தண்ணீர். நாலு பக்கமும் கோழி.

"மாட்டிக்கினேன்!" என் வாயிலிருந்து உன் வார்த்தை.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்ததும் வந்ததே ஒரு சிரிப்பு! கட்டில் ஆடியது. "மாட்னா பாரு வாலு! நல்லா வேணும்!" கீழ்வீட்டிலிருந்து அம்மா ஓடிவந்துவிட்டாள். சித்தி என்னைக் கைகாட்டிக் கைகாட்டிச் சிரித்தாளே தவிர, ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

சித்தி சிரித்து முடிப்பதற்குள் மண்ணைக் குடைந்து வெளியேறலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கோழிகளுக்குப் பின்னால் சுவரில் பார்த்தேன். ஏணி. அடியிலிருந்து வாசல் வரைக்கும்.

இன்று காலை என் காபியில் உப்பு. துப்பிவிட்டு நிமிர்ந்தால், சித்தி முதுகைக் காட்டிக்கொண்டு கடுகு தாளிக்கிறாள், தோள் குலுங்குகிறது. டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சூட மிட்டாய் வைத்திருந்தாள்.

அதை வாயில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், சித்தப்பா. குழி வெட்டுவதை விட்டுவிடுவேன் என்று மட்டும் கனவு காணாதே. அடுத்தது அப்பாவுக்கு, பாதி வெட்டியாகிவிட்டது. ஆனால் இந்த முறை, தண்ணீர் விடுவதற்கும் கோழி இறக்குவதற்கும் முன்னாலேயே ஏணியை வைத்துவிட்டேன்.

உன்,
வாலு