காலிப் பெட்டிக்குப் பூட்டு

மார்ச் 3

ரைஃபிளைத் துடைத்து எண்ணெய் போட்டேன். காலி என்று தெரிந்தும் திறந்து பார்த்தேன், விரலை விட்டும் பார்த்தேன். துப்பாக்கி கிளப்பில் எனக்கு 'மாமியார்' என்று பெயர். குழலை யார் பக்கம் யார் திருப்பினாலும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். இத்தனை வருடம் ஆகியும் அதைத் தூக்கும்போது ஒரு பயபக்தி வருகிறது. ஒரு விரல் அசைவுக்கு இவ்வளவு வலிமையா?

பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வழக்கம்போல் தையல் பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மார்ச் 9

தம்பி வந்துவிட்டான். மனைவி பிரிந்து போய், வேலையையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு பையோடு. "கொஞ்ச நாள் இருக்கட்டுமாக்கா?" என்கிறான். என்னிடம் போய் அனுமதி கேட்கிறான்.

மார்ச் 11

தூங்குவதில்லை. சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறான். சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது சட்டைக்குத் தானே பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். அப்பாடா, தேறிவிடுவான் என்று நினைத்தேன்.

மார்ச் 12

வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, துப்பாக்கிய வீட்ல வைக்காதே."

"பூட்டித்தானேடா இருக்கு."

"தெரியும். வைக்காதே."

என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் கேட்டுட்டேன் — "செத்துப் போகணும்னு தோணுதாடா?" தலையாட்டினான். என் தம்பி.

கிளப் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். உடனே வந்து ரைஃபிளையும் தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டார். "எவ்வளவு நாளானாலும் எங்ககிட்டயே இருக்கட்டும்மா." ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு தம்பியை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

மார்ச் 13

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மாமியாருக்கு இது தோன்றவே இல்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நிலையிலும் வாய் திறந்து கேட்டிருக்கிறான். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? எனக்கு வருமா? நினைக்க நினைக்க பிரமிப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 2

"இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினான்.

ஜூன் 20

அலமாரியை ஒழித்தோம். அவன்தான் ஆரம்பித்தான். துப்பாக்கிப் பெட்டி பூட்டியே கிடந்தது.

"உள்ளே என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கைப் பழக்கத்துல பூட்டிட்டேன்."

"ஒண்ணுமில்லாததுக்குப் பூட்டு வேற." சிரித்துவிட்டான். இந்த வீட்டுக்கு வந்தபின் அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். நானும் சிரித்தேன்.

சாவி எடுக்க நான் எழுவதற்குள் அவனே போய், தையல் பெட்டியைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தான்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"பட்டன் தைச்ச அன்னைக்கே பார்த்தேன்."

பெட்டியைத் திறந்து, பழைய போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தான். நான் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.