கிணற்றடியில் திரும்பி வந்த குரல்

என்ரை அண்ணைக்கு,

முதலில் நான் கண்டது உங்கள் கணினியின் சின்னப் பச்சை விளக்கைத்தான். கரண்ட் போய் வந்த பிறகு அது வழக்கத்தைவிட நெடுநேரம் சிமிட்டியது. பிறகு, முதல்நாள் நான் அழித்துவிட்ட உங்கள் குரல் மோட்டர் கொட்டிலுக்குள் இருந்து கேட்டது.

"தங்கச்சி, தண்ணி காணும். மோட்டரை நிப்பாட்டு."

அம்மாவின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது.

அழிக்கச் சொன்னதே அம்மாதான். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வராத பிறகு, நீர்வேலித் தோட்டத்தில் நீங்கள் பூட்டிய, மண்ணுக்கு ஈரம் போதுமானதும் உங்கள் குரலில் சொல்லும் உள்ளங்கையளவு கணினியை நிறுத்த அவர் விடவில்லை. "விளக்கு மாதிரி எரியட்டும் பிள்ளை" என்றார். வாழைக்குத் தண்ணீரே வேண்டாத மாரியிலும் அது எரிந்தது. மண்ணின் ஈரத்தைத் தன் மெமரி கார்டில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது.

பங்குனி வெயில் வந்தபோது உங்கள் குரல் பிந்தத் தொடங்கியது. வாய்க்கால் நிரம்பி வழிந்த பிறகுதான் பேசினீர்கள். அம்மா காத்துநின்று கேட்பார், கேட்டதும் அழுவார். கடைசியில், "எனக்கு ஏலாது. அழிச்சு விடு" என்றார்.

அழித்தேன். வந்தீர்கள். மறுபடி அழித்தேன். கரண்ட் போய் வந்ததும் மறுபடி வந்தீர்கள்.

"அவன் இன்னும் போகேல்லையடி." அதோடு அம்மா தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். உங்களுக்கென்று சோறு கட்டி என்னிடம் தந்துவிட்டார். கொட்டில் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே பாராமல் வந்தேன். நீங்கள்தானா, அண்ணை?

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நான் பிறத்தியாரோடு கதைப்பது குறைவு, தெரியும்தானே. ஆனாலும் கார்டைக் கழற்றிக்கொண்டு கோப்பாயிலுள்ள கணினிக் கடைக்குப் போனேன். "அழிச்சாலும் திரும்பி வருது" என்றேன்.

கடைக்காரர் போட்டுப் பார்த்துச் சிரித்தார். "பேயுமில்லை, பிசாசுமில்லை, பிள்ளை. எழுதி எழுதித் தேஞ்சு போச்சு. இனி ஒண்டும் எழுதாது."

"நான் எழுதேல்லை. அழிச்சனான்."

"அழிக்கிறதும் அதுக்கு எழுதிறதுதான். அழிச்ச மாதிரிக் காட்டும். கரண்ட் போய் வந்தால் பழசுதான் நிக்கும். முழுக்கச் சாக முந்திப் பிரதி எடுக்கட்டோ?"

தலையாட்டினேன். அணையாமல் வைத்திருந்ததுதான் அதைத் தேய்த்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன்.

"அப்ப அவன் என்னைத் தேடி வரேல்லையோ?"



உங்கள் குரல் இப்போது என் கைப்பேசியில் இருக்கிறது. அம்மா கேட்கும்வரை அதைத் திறக்கமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

கடையில் வாங்கிப் போட்ட புதுக் கார்டில் உங்கள் குரல் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. இன்று காலை கொட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து, அந்த இடத்தில் பதிய என் குரலில் சொன்னேன்:

"அம்மா, தண்ணி காணும். மோட்டரை நிப்பாட்டுங்கோ."

உங்கடை தங்கச்சி