சனிக்கிழமை எடை

ஆல்பனி,
3 மார்ச் 1958

அன்புள்ள ஆர்மண்ட் அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறதாம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாயாம். லுசில் அண்ணி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு வரி எழுத உனக்குக் கை வலித்ததா?

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். இதய நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் பழக்கத்தை மாற்றவைப்பது. நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில் எலும்புருக்கி நோயாளிகளின் இருமல் சத்தத்தில் பேசவே முடியாது. இப்போது அதே கட்டில்களில் உன் வயதுக்காரர்கள் நெஞ்சு அடைத்துப் படுத்திருக்கிறார்கள். யாரும் இருமுவதில்லை, சத்தம் போடாமல் போய்விடுகிறார்கள்.

நீ மட்டும் மனசால் இன்னும் அந்தச் சானடோரியத்திலேயே இருக்கிறாய். ஆறு வேளைச் சாப்பாடு, பச்சை முட்டை அடித்த பால், கிரீம், வராந்தா நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மணிக்கணக்காக அசையாத ஓய்வு. எலும்புருக்கி நோய்க்கு அன்று அதுதான் வைத்தியம். நீ பிழைத்தாய், சரி. நோய் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, வைத்தியத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறாய். இனி அதுதான் அண்ணா உன்னைக் கொல்லும். ஒரு எடை மெஷின் வாங்கு. உடம்பைக் குறை. எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான்.

உன் அன்புத் தங்கை,
செலின்

லூன் ஏரி,
12 மார்ச் 1958

அன்புத் தங்கை செலினுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. உன்னிடம் சொன்னதற்காக லுசிலுக்குத் தனியாக நான் கொடுத்துவிட்டேன்.

அம்மா அதே நோயில் போனபோது நீ கைக்குழந்தை. கம்பளிக்கு அடியில் ஓர் ஆள் படுத்திருப்பதே தெரியாது, அப்படி இருந்தாள். இளைப்பது என்றால் எனக்கு அதுதான்.

சானடோரியத்தில் சனிக்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். நர்ஸ் உரக்கச் சொல்லுவாள். ஏறியிருந்தால் வார்டே கரண்டியால் தட்டைத் தட்டும். குறைந்திருந்தால் யாரும் அந்த ஆளைப் பார்க்க மாட்டோம். பக்கத்துக் கட்டில் லியோவுக்குக் குறைந்துகொண்டே வந்தது. "அடுத்த வாரம் ஏறிடும் லியோ, ஒண்ணும் இல்ல" என்றாள் நர்ஸ். அடுத்த வாரம் கட்டில் காலி.

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். மெஷின் வாங்கியாயிற்று. பட்டாணி சூப்பில் லுசில் இப்போது பன்றிக்கறி போடுவதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடிப்பதுபோல் இருக்கிறது, உன் பெயரைச் சொல்லிக் குடிக்கிறேன்.

அண்ணன்,
ஆர்மண்ட்

ஆல்பனி,
20 ஜூலை 1958

என் தங்க அண்ணாவுக்கு,

நிற்காமல் மாடி ஏறினாயாமே! ஏரியைச் சுற்றி நடக்கிறாயாமே! அண்ணி சொன்னதும் ஆபீசிலேயே அழுதுவிட்டேன். என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் உன் கதையைத்தான் சொல்கிறேன். பிடிவாதக்காரரான என் அண்ணனே மாறிவிட்டார், உங்களால் முடியாதா என்கிறேன். விட்டுவிடாதே அண்ணா.

செலின்

லூன் ஏரி,
2 நவம்பர் 1958

அன்புள்ள செலினுக்கு,

கோபித்துக்கொள்ளாமல் படி.

அக்டோபரில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் கன்ன எலும்பு தெரிந்தது. கடைத்தெருவில் ரோசேரைப் பார்த்தேன், என்னோடு வார்டில் இருந்தவன். "என்னப்பா, இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, "ஒண்ணுமே இல்லை" என்றார். லியோவிடமும் அதையேதான் சொன்னார்கள்.

நீ எழுதுவதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிகிறது, செலின். நான் முட்டாள் இல்லை. ஆனால் அந்த மெஷினில் ஏறி நின்றால் எனக்குப் பதினேழு வயதாகிவிடுகிறது. முள் இறங்கினால் செத்துப்போவேன் என்றுதான் தோன்றுகிறது.

அதனால் நாற்காலியை மறுபடி வராந்தாவில் போட்டுவிட்டேன். பால், முட்டை, கிரீம், எல்லாம் பழையபடி. நேற்றுச் சனிக்கிழமை, எடை நன்றாக ஏறியிருந்தது. லுசிலைத் தட்டைத் தட்டச் சொன்னேன். பைத்தியம் என்று திட்டிக்கொண்டே தட்டினாள். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அண்ணன்,
ஆர்மண்ட்

லூன் ஏரி,
12 நவம்பர் 1958

அண்ணா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் திட்டியிருந்தேன். கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று தந்தி கொடுத்தேன். உன்னோடு சேர்ந்து ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று பழைய பூட்ஸைக்கூட எடுத்து வைத்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால் அண்ணி கறுப்புக் கோட்டில் நிற்கிறாள்.

காலையில் மெஷினில் ஏறினாயாம். முள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்ததாம், அண்ணி தட்டைத் தட்டினாளாம், நீ சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனாயாம். "பால் கொண்டுபோனேன் செலின். தூங்குறார்னு நினைச்சு, மூடி வெச்சுட்டு வந்துட்டேன்" என்கிறாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

நேற்று உன்னை அடக்கம் செய்தோம். பழைய வார்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெட்டிக்குள் பார்த்துவிட்டு ரோசேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நல்லா இருக்கான் பாரும்மா. கன்னமெல்லாம் உப்பி இருக்கு. எங்கள்ல யாருக்கு இப்படிச் சாவு கிடைக்கும்? அந்த நோய் கடைசிவரைக்கும் திரும்ப அவனைத் தொடவே இல்ல."

அந்த வைத்தியம்தான் அண்ணா உன்னைக் கொன்றது என்று கத்த நினைத்தேன். நான் வாங்கச் சொன்ன மெஷின் சமையலறை மூலையில் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் உட்கார்ந்து உடம்பைக் குறையுங்கள் என்று சொல்ல வேண்டும். என் அண்ணன் கதையைச் சொல்லுவேனா? எதுவரை சொல்லுவேன்?

இன்று காலை அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ரொம்ப இளைச்சுட்டே" என்று சொல்லி, முட்டை அடித்த பாலில் கிரீம் ஊற்றிக் கொண்டுவந்தாள். தம்ளரைக் கையில் வாங்கினேன் அண்ணா. முழுவதையும் குடித்தேன்.

செலின்